வலது பக்கம் காலியாக இருந்த ஆட்டம்

"அக்கா, விமலாக்கா போயிடுச்சி" என்று அவள் தம்பி சீனு போனில் சொன்னபோது நான் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள், எனக்கு முந்தைய வண்டியில் ஏறிவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. "எந்த வண்டியில போனா?" என்று கேட்டேன். அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழுவது கேட்டது. வண்டி வந்து நின்றது; வழக்கமாக நாங்கள் ஏறும் பெட்டியில் பூக்காரம்மா ஜன்னலோரம் துண்டு போட்டு எங்கள் இருவருக்கும் இடம் பிடித்திருந்தார். கையசைத்துக் கூப்பிட்டார். நான் ஏறவில்லை. வண்டி போன பிறகும் அந்த அழுகைதான் என் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தெளிவாகவில்லை.

விமலாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலுவலகத்தில் அவளோடு இருந்தவர்கள், ரயிலில் அவளோடு வந்தவர்கள், சுண்ணாம்புக்குளத்தில் அவள் தெருவில் இருப்பவர்கள் என்று மூன்று கூட்டம். ஒரு கூட்டத்துக்குத் தெரிந்த விமலாவை இன்னொரு கூட்டத்துக்குத் தெரியாது. காரியத்தன்று உட்கார்ந்து பேசியபோது நாம் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறோமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சென்னையில் இணையதளங்கள் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பக்கம் எப்படி இயங்க வேண்டும் என்பதை நான் எழுதுவேன். நிறம், எழுத்து, கட்டம், நிழல் என்று அது கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவள் எழுதுவாள். "ஓடுறது உன் வேல, தெரியிறது என் வேல" என்பாள். திரையில் வரும் ஒரு பொத்தானின் ஓரம் எவ்வளவு வளைய வேண்டும் என்பதற்காக ஒரு மதியம் முழுக்க என்னோடு சண்டை போட்டிருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிடும்.

அவள் 'நைனா' என்று கூப்பிடும் அப்பா ஏரியில் மீன் பிடிப்பவர். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே படகுக்குள் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தது, வலது கையும் பேச்சும் போயின. சொல்வது அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்து விமலா ரயிலில் மடிக்கணினியை விரித்து ஒரு விளையாட்டைச் செய்ய ஆரம்பித்தாள். பிரவுசரிலேயே ஓடும் விளையாட்டு. சின்னச் சின்னச் சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேலே எதுவும் இல்லாமல், பக்கவாட்டில் ஒரு புறமாவது திறந்திருக்கும் சில்லைத்தான் தொட முடியும். ஒரே படம் உள்ள இரண்டைத் தொட்டால் இரண்டும் மறையும். தனியாக ஒருவரே ஆடுவது.

"போன்ல எத்தினியோ இருக்குதே, இன்னாத்துக்குப் புதுசா பண்ற?" என்று கேட்டேன்.

"அதுல எல்லாம் சீனா எழுத்து, மூங்கிலு, பூவு. எங்க நைனாவுக்கு அதுல இன்னா இருக்குது?" என்றாள். அவள் சில்லுகளில் மடவை மீன், இறால், நண்டு, பூநாரை, படகு, நங்கூரம் எல்லாம் இருந்தன. எல்லாம் அவளே வரைந்தவை. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் நிழலின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். வண்டி கும்மிடிப்பூண்டியில் இருக்கும்போது ஆரம்பித்தால் எண்ணூர் தாண்டியும் அதே நிழல்தான்.

என்னைக் குழப்பியது வேறு. ஆட்டம் முழுக்கத் திரையின் இடது பக்கத்திலேயே ஒதுங்கிக் கிடந்தது. வலது பாதி வெறுமையாக இருந்தது. பொத்தானின் ஓரத்துக்காக மதியத்தைத் தொலைப்பவள் இப்படி ஒரு கோணலை எப்படி விட்டாள்? நடுவில் வைக்க ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்றாள். அலுவலகத்தில் பார்த்தவர்களும் தப்பு என்றார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நைனாவுக்குச் சோறு வைத்தார். அவர் இடது கையால் சாப்பிட்டார். தட்டின் இடது பாதி காலியானதும் நிறுத்திவிட்டார். வலது பாதியில் சோறும் மீனும் அப்படியே இருந்தன. விமலா தட்டைச் சுற்றித் திருப்பி வைத்தாள். புதிதாக வந்த சோற்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டார். வலது பக்கம் இருப்பது அவர் கண்ணுக்குப் படவில்லை. நான் விமலாவைப் பார்த்தேன். "மீன் நல்லாருக்குதா?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

சில்லுகளைக் கலைத்து அடுக்கும் பகுதியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கண்மூடித்தனமாகக் கலைத்தால் சில ஆட்டங்கள் பாதியில் முட்டிக்கொள்ளும். எடுக்க ஜோடியே இருக்காது. அதனால் கடைசி ஜோடியிலிருந்து பின்னோக்கி அடுக்கி, எந்த ஆட்டத்தையும் முடித்துவிடலாம் என்று உறுதி செய்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. நைனா ஆடினார். முடித்தார். மறுபடி ஆடினார். வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அவர் ஆடும் டேப்லெட்டில் பழைய வடிவம் திறந்துகொண்டதாம். என் பகுதி சேராத வடிவம். நைனா முட்டிக்கொண்டார். வெகுநேரம் திரையையே பார்த்திருந்தவர், "ஜோடி இல்ல" என்றிருக்கிறார். ஆடக் கற்றுக்கொடுத்தபோது விமலா "ஜோடி பாரு நைனா, ஜோடி பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல் எங்கோ உள்ளே போய்த் தங்கியிருக்கிறது. அவள் எனக்குப் போன் செய்தபோது அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. மறுநாள் நான் எழுதிய பகுதியை எடுத்துவிட்டாள்.

ரயிலில் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் வந்தது. "முடிக்கவே முடியாத ஆட்டத்த ஒரு மனுசன் கையில குடுக்கலாமா?" என்றேன்.

"ஜெயிச்சா பேச மாட்டேங்குறாரு வாணி" என்றாள். "முட்டிக்கினாதான் பேசுறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

டாக்டர் அது தற்செயலாக இருக்கலாம் என்றாராம். பேச்சு எப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் நேரம்தான் அது என்றாராம். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு "எடு", "திருப்பு" என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆட்டம் முட்டிய ஒரு சாயங்காலம் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. அதைக் கேட்டு அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். அந்த வார்த்தை என்ன என்று விமலா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

அப்படி இருந்தவள் காய்ச்சல் என்று பொன்னேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். எனக்குப் போன் வந்த அன்று நான் சுண்ணாம்புக்குளம் போனபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில் நைனா. மடியில் டேப்லெட். இடது கை விரலால் சில்லுகளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கெடக்குறா. ஆட்டம் இன்னா ஆட்டம், வாங்கி வைங்கமா" என்றார் ஒரு உறவுக்காரப் பெண்.

"உடு. அவ குடுத்தது" என்றார் அம்மா.

நைனா தலையைத் தூக்காமல் "ஜோடி இல்ல" என்றார். சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். கல்யாணம் ஆகாமல் போய்விட்டாளே என்று பெற்றவர் மனம் புலம்புகிறது என்று ஒருவர் சொன்னார். நான் திரையை எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே எடுக்க ஜோடி இல்லை. அவர் எதைச் சொன்னார்? மகள் அங்கே கிடப்பது அவருக்குத் தெரிந்ததா? அவளைக் கிடத்தியிருந்ததே அவருடைய வலது பக்கத்தில்தான். கொஞ்சம் திருப்பி உட்கார வையுங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். திருப்பினால் நல்லதா, திருப்பாமல் விடுவது நல்லதா என்று புரியாமல் நின்றேன். பிறகு அம்மாவே எழுந்து வந்து நாற்காலியைத் திருப்பினார். நைனா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டேப்லெட்டை அணைக்கவில்லை; ஆனால் விரல் நின்றுவிட்டது.

காரியம் முடிந்தபின் சீனு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, நீ முன்ன எழுதின மாரியே மாத்திக் குடுத்துடு. எல்லா ஆட்டமும் முடியிற மாரி. நாள் முச்சூடும் ஜோடி இல்ல, ஜோடி இல்லனு சொல்றாரு. எங்களால கேக்க முடியல."

அம்மா அடுப்படியிலிருந்தே, "ஒண்ணும் மாத்தாத" என்றார். "அந்த ரெண்டு வார்த்தயும் இல்லனா இந்த வூட்ல சத்தமே இல்ல."

விமலாவின் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பகுதியும் இருந்தது. அதை எடுத்துவிட்டு அவள் வைத்ததும் இருந்தது. சீனு, அம்மா இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. விமலா இருந்திருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதே அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று என்னால் ஊகிக்க முடிந்ததில்லை.

நைனா என்னைப் பார்த்து, "விமலா" என்றார்.

அம்மா ஈரக் கையோடு வந்து, "அது விமலா இல்லய்யா. வாணி. விமலாகூட வேல செஞ்ச பொண்ணு" என்றார்.

"தெரியும்" என்றார் நைனா.

அதற்கு முன் "தெரியும்" என்ற சொல்லை அவர் சொன்னதே இல்லை என்று அம்மா பிறகு சொன்னார். நான் எதையும் மாற்றாமல் மடிக்கணினியை மூடினேன். சீனுவும் மறுபடி கேட்கவில்லை.

நான் வாணி என்று தெரியுமா, மகள் போனது தெரியுமா, இல்லை என் பக்கத்தில் வேறு எதையாவது கண்டு சொன்னாரா? தினமும் அதைப் பற்றி நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகப் படுகிறது. விமலா தன் தகப்பனிடமிருந்து பாடுபட்டு வெளியே கொண்டுவந்த சொற்களில் ஒன்று, அவள் கேட்காமலே போன ஒன்று, என் கையில் வந்து விழுந்திருக்கிறது. அவளுடையதாக என்னிடம் இருப்பது அதுதான். பொருள் விளங்காமலே வைத்திருக்கிறேன்.