கங்கு தூக்காத இடுக்கி

முப்பது வருஷமாக இந்த இரும்புக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். கணப்புக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. இடுக்கி நழுவாமல் பிடிக்குமா? ஃபெஸ்டி பேடன் ஒருத்தர்தான் அதைத் தலைகீழாகக் கேட்டார்.

"பிலோமினா, எதையுமே தூக்காத இடுக்கி இருந்தா ஒண்ணு காட்டும்மா."

"காலங்காத்தாலேயே போட்டுட்டு வந்துட்டீங்களா?"

"டீயைத் தவிர ஒண்ணும் உள்ள போகல. சத்தியம்."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

ஃபெஸ்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அயர்லாந்தில் மேயோவின் இந்த மூலையில் பிறந்தார். பதினாலு வயதில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பொறுக்கப் போனார். திரும்பி வந்து சாலை போடும் கும்பலில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கல் கொட்டினார். ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பிள்ளைகள் இரண்டும் சிகாகோவில். அவருக்கென்று இருந்தது மனைவி பீனாவும் அந்த வீட்டுக் கணப்பும்தான்.

அந்தக் கணப்பு லேசுப்பட்டதில்லை. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பழைய வீட்டிலிருந்து நெருப்பைக் கொண்டுபோவார்கள். கல்யாணத்தன்று பீனா, தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு கங்கை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, சதுப்பைத் தாண்டி நாலு மைல் நடந்தாள். வழியெல்லாம் மழை. ஃபெஸ்டி தன் கல்யாணக் கோட்டைக் கழற்றி நெருப்புக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். அந்தக் கங்கில் பற்றிய நெருப்பு, வருஷம் முப்பத்தேழு ஆகியும் அணையவில்லை. தினம் படுக்கப் போகும்முன் பீனா தணலைச் சாம்பலால் மூடுவாள். விடிந்ததும் கிளறி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியை மேலே வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

"என்னால உன் கடைக்கு ஒரு தீப்பெட்டி யாவாரம்கூடக் கிடையாது, பாத்துக்கோ" என்று ஃபெஸ்டி பெருமை அடிப்பார். உண்மைதான். பைப்பைக்கூடக் கங்கில்தான் பற்றவைப்பார்.

இரண்டு வருஷமாக பீனாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. முதலில் தேயிலையை மாவு டப்பாவில் கொட்டினாள். பிறகு ஃபெஸ்டியைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று மரியாதையாகக் கேட்டாள். இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் அந்த வசந்தத்தில் வேறொன்று ஆரம்பித்தது. மத்தியானமானால் எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொள்வாள். இடுக்கியால் ஒரு கங்கை எடுப்பாள். வாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கிவிடுவாள்.

எங்கே என்று கேட்டால், "புது வீட்டுக்கு. அம்மா குடுத்தனுப்பினாங்க. ஃபெஸ்டி காத்துக்கிட்டிருப்பாரு, வழிய விடுங்க" என்பாள்.

காத்திருப்பதாக அவள் சொல்லும் ஃபெஸ்டி கண்ணெதிரே நிற்கிறார். கொண்டுபோக வேண்டிய புது வீடு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

ஒருநாள் வழியில் பொறி விழுந்து பக்கத்து வீட்டு வைக்கோல் பற்றிக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு நர்ஸ் வந்தாள். கெட்டவள் இல்லை, ஆனால் கறார். "கணப்ப அணைச்சுட்டு எண்ணெய் ஹீட்டர் வைங்க. இன்னொரு தடவ இப்படி நடந்தா முதியோர் விடுதிக்கு எழுதிடுவேன், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு காலைப்பொழுது கணப்பை அணைத்துத்தான் பார்த்தார். வெறும் சாம்பலைப் பார்த்ததும் பீனா, யாரோ செத்துப்போனதுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வேறு நெருப்பு இரவல் வாங்க அவர் அயல் வீட்டுக்கு ஓடவில்லை. நல்லவேளை, அடியில் ஒரு கங்கு மிச்சமிருந்தது. ஊதி ஊதி எழுப்பினார். அப்புறம்தான் என் கடைக்கு வந்தார்.

"இடுக்கியே இல்லாமப் பண்ணிட்டா?" என்றேன்.

"வீடு முழுக்கத் தேடுறா பிலோமினா. கையில ஒண்ணு இருக்கணும். ஆனா அது தூக்கக் கூடாது."

கடையில் இருந்த இடுக்கிகளையெல்லாம் கவுண்டரில் பரப்பினேன். உள்ளே போய் ஒரு உருளைக்கிழங்கு எடுத்து வந்தேன். பெரிய மனுஷர், எழுபத்திரண்டு வயது, ஒவ்வொன்றாக எடுத்துக் கிழங்கைத் தூக்கிப் பார்த்தார். தூக்கினால் முகம் வாடும். வேலிக்கம்பி வாங்க வந்தவன் ஒருத்தன், "என்ன ஃபெஸ்டி, சமையல் கத்துக்கிறீங்களா?" என்று நக்கலடித்தான். "உன் வேலையப் பாத்துட்டுப் போடா" என்று நான்தான் விரட்டினேன்.

கடைசியில் பித்தளை செட் ஒன்றை எடுத்துக் காட்டினேன். கிளறுகோல், துடைப்பம், சின்னச் சாம்பல் கரண்டி, இடுக்கி நாலும் ஒரு ஸ்டாண்டில் தொங்கும். பெரிய வீட்டுக்காரர்கள் வரவேற்பறையில் அழகுக்கு வைப்பது. அந்த இடுக்கியின் நுனியில் வழுவழுவென்று இரண்டு குண்டு. கிழங்கு மூன்று தடவையும் தொப்பென்று விழுந்தது. ஃபெஸ்டி சிரித்தார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"கரண்டியையும் எடுத்து வச்சுடுங்க. அதுல அள்ளிட்டுப் போயிடுவா" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாய் சும்மா இருந்ததா?

செட்டிலிருந்த கரண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாளே வீட்டிலிருந்த பழைய கரண்டியையும், கொல்லன் அடித்த அந்தக் கல்யாண இடுக்கியையும் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். "கண்ணுல படாத இடத்துல வை" என்றார். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன்.

பத்து நாள் எல்லாம் சரியாக நடந்தது. பீனா தூக்கப் பார்ப்பாளாம், கங்கு நழுவுமாம், மறுபடி முயல்வாளாம். அப்படியே மாலையாகிவிடுமாம். "நல்ல சாமான் குடுத்த தாயி" என்று ஃபெஸ்டி எனக்கு இரண்டு டஜன் முட்டை கொண்டுவந்து கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் மத்தியானம், கடைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், தெருவில் பீனா வருகிறாள். தலையில் துணி. இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்து, தளும்பத் தளும்பப் பால் கொண்டுவருகிறவளைப்போல மெல்ல மெல்ல நடக்கிறாள். ஃபெஸ்டி கொட்டகைக்கு மண்கட்டி எடுக்கப் போன நேரத்தில் கிளம்பியிருக்கிறாள். வீட்டிலிருந்து கடைக்கு முக்கால் மைல்.

ஓடினேன். உள்ளங்கையில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் கங்கை வைத்திருந்தாள்.

"ஐயோ பீனா, கீழ போடு! போட்டுடு!"

"கத்தாத பிலோமினா, காத்து படும்" என்றாள். என்னை அன்றைக்கு அடையாளம் தெரிந்தது. "அணையப் போவுது. கொஞ்சம் ஊதேன்."

கங்கு ஏற்கெனவே கறுத்துவிட்டது. அவள் கைகளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நர்ஸ் எழுதினாள். யாரைக் குறை சொல்வது? கைக்கட்டுப் பிரித்த மூன்றாம் வாரம் பீனாவை விடுதி வண்டியில் கூட்டிப்போனார்கள். அன்று காலை ஃபெஸ்டி என் கடைக்கு வந்து, "அந்த இடுக்கிய எடு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இது அவ கையில இருந்திருந்தா கை வெந்திருக்காது, இல்ல?"

நான் வேன் சாவியை எடுத்தேன்.

கடை வேனில் அவரை நான்தான் அழைத்துப்போனேன். ஏறும்போது கையில் ஒரு இரும்பு வாளி, அதன்மேல் இடுக்கி. வாளிக்குள் சாம்பல் புகைந்தது.

"என்ன இது?"

"புது வீட்டுக்குப் போறாளே. வெறுங்கையோடவா அனுப்புறது?" கணப்பில் இருந்ததை மொத்தமாக வாரிக்கொண்டு வந்திருந்தார்.

நாற்பது மைலும் வாளியை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடுதி வாசலில் மேட்ரன் தடுத்துவிட்டாள். "ஐயா, இங்க கணப்பே கிடையாதுங்க. எல்லாம் சுடுதண்ணிக் குழாய்தான். நெருப்ப உள்ள விட முடியாது." அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். பீனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நெருப்பு வந்துச்சா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டிருக்கு, தங்கம்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். மழை தூறியிருந்தது. கோட்டைக் கழற்றி மூட யாரும் பக்கத்தில் இல்லை. ஃபெஸ்டி இடுக்கியால் வாளியைக் கிளறினார். மேலிருந்து அடிவரை கிளறினார், ஒரு கங்கும் சிவக்கவில்லை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார்.

 எங்கள் கடைத்தெரு வந்ததும், "கொஞ்சம் நிறுத்து" என்றார். கடையைத் திறந்தேன். கவுண்டருக்கு முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தீப்பெட்டி குடும்மா" என்றார்.