பசறை ரோட்டைக் கடந்த குதிரை

கொழுந்து பறிக்கிறவள் மகளுக்குக் குதிரை எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் என்னோடு படிப்பித்த டீச்சர்மார்தான். "ஏன், உங்க பிள்ளைங்க மட்டும் குதிரையில ஏறியா பிறந்தாங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் அறையே அடங்கிவிட்டது. இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. நுவரெலியாவிலிருந்து இரண்டு குதிரைகளையும் ஒரு குதிரைக்காரரையும் கொண்டுவந்து, பதுளை டவுனுக்குள் ஆற்றோரப் பாதையில் சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கினோம். சண்டை போட்டும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் இடம் கிடைத்தது. பதின்மூன்று வயது, பயமே தெரியாத பிள்ளை.

குதிரைக்காரர் கயிற்றைப் பிடிக்காமல் அவளைத் தனியே விட்ட முதல் நாள். பாதை ஓரிடத்தில் பசறை ரோட்டைக் கடக்கும். வாகனம் பார்க்க நான் எதிர்ப்பக்கம் நின்றேன். குதிரைக்காரர் பின்னால் மற்றக் குதிரையோடு வந்துகொண்டிருந்தார். ரோடு காலி. வா என்று கை காட்டினேன். அவள் ரோட்டில் இறங்கிய பிறகுதான் மேல் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"போ! போ!" என்று அவள் குதிரையை விரட்டினாள். அது நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"நிக்காதடி! போ! போ! போ!" நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த அது இன்னும் விறைத்து நின்றது. சனியன், செத்துத்தான் தொலையப் போகிறதா? பஸ் வளைவில் தெரிந்தது. பிரேக் கிறீச்சிட்டது, ஆனால் சரிவில் நிற்கவில்லை. என் குரல் அடைத்துவிட்டது. ஐயோ என்றுகூட வாயில் வரவில்லை. அவளும் சத்தத்தை விட்டுவிட்டு, கண்ணை இறுக மூடி, இரண்டு குதிகாலாலும் ஓங்கி உதைத்தாள். குதிரை பாய்ந்தது. பஸ் அதன் வாலுக்குப் பின்னால் போய் நின்றது.

அவளை இழுத்து இறக்கி முதுகில் ஒன்று வைத்தேன். "மண்டையில என்னடி இருக்கு? சாகவா பாத்த?"

"போ போன்னுதானே சொன்னேன் டீச்சர். நீங்களும் அதத்தானே சொன்னீங்க," என்று தேம்பினாள்.

குதிரைக்காரர் ஓடி வந்தார். "டீச்சர், இது இங்கிலீஷ்ல பழகுன குதிரை. 'வோ'ன்னா நிக்கும். நீங்க 'போ'ன்னா அதுக்கு 'வோ'ன்னுதான் கேக்கும்."



மாலையில் அவளை லயத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ் கதை எங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவளுடைய அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க மட்டும் சத்தம் போடலேன்னா எம்புள்ள இன்னைக்கு இல்ல டீச்சர்."

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கத்துகிற நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.