வெளுத்துப்போன படகுக் கித்தான்

எங்கள் சலவைப்பட்டறையின் வேலையை எவரும் குறை கூறியதில்லை என்று அப்பா இறுதிவரை சொல்லிவந்தார். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. சம்பந்தப்பட்டவர்கள் எவரும் இன்று உயிருடன் இல்லாததால், குடும்பப் பெயருக்குக் குறைவு வராது என்று நம்பி அதை எழுதுகிறேன்.

அப்போது நான் தொடக்கப்பள்ளிச் சிறுமி. நொய்யல் கரையில் இருந்த பட்டறையில் பனியன் துணியை வெளுத்து, அடுத்திருந்த வெற்று மேட்டுக்காட்டில் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். அப்பாவின் தங்கைக்குத் தரகர் மூலம் மலையூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தந்தை அங்கே ஏரியில் படகு விடும் குத்தகைக்காரர். ஈரத்தோடு சுருட்டி வைத்ததில் படகுக் கூரைகளின் கித்தானெல்லாம் கரும்பூசணம் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தவர், அவற்றையும் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்.

"கித்தானைப் பளிச்சுன்னு வெளுத்துக் குடுங்க, அன்னைக்கே உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாமுங்க" என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை அப்பா பரீட்சையாக எடுத்துக்கொண்டார்.

அத்தைக்குக் கோயமுத்தூர்க் கல்லூரியில் படிக்க ஆசை. "அதெல்லாம் போற ஊட்டுல கேட்டுக்க அம்மிணி" என்று அப்பா முன்பே முடித்துவிட்டிருந்தார்.

கித்தானை விரித்ததும் அத்தை அதன்மேல் நீரைத் தெளித்து எனக்குக் காட்டினார். துளிகள் ஒட்டாமல் முத்துகளாக உருண்டோடின.

"மெழுகு ஏத்தியிருக்குது கண்ணு. அது இருக்கற வரைக்கும் மழை உள்ள எறங்காது. இதையெல்லாம் வெயில்ல போட்டுப் பிரஷ்ஷுல தேச்சாலே போதும்."

கறை என்று கண்டால் அப்பாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டு அத்தையை அழைத்தார்.

"ஏம்மிணி, படிச்சவ நீ சொல்லு. இது பத்துமா?"

"பத்தாதுங்கண்ணா. சோடாவும் சுடுதண்ணியும் ஊத்தி இன்னொருக்கா ஊறட்டுங்க."

ஊறியது. பூசணம் போனது, கித்தானில் இருந்த பச்சைக் கோடுகளும் போயின. கயிறுகளில் தொங்கிய கித்தான்கள் ஆற்றுக்காற்றில் உப்பி எழுந்தன. அவற்றின் அடியில் நானும் அத்தையும் மல்லாந்து படுத்திருந்தோம். பாலில் தோய்த்தது போன்ற வெளிச்சம். நான் ஏரியைக் கண்டதில்லை. ஆயினும் காடு எங்களைச் சுமந்துகொண்டு மிதந்து செல்வதாகவும், கரையிலிருந்த பனைகள் மெல்லப் பின்னால் நகர்வதாகவும் தோன்றியது.

"ஏரிக்குப் போறமா அத்தை?"

"அதையும் தாண்டி, கண்ணு" என்றார், கண்களைத் திறக்காமல்.

கித்தானின் வெண்மையைக் கண்டு குத்தகைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உப்புச்சக்கரைக்கு நாளும் குறித்தார்கள். அதற்குள் மலையில் மழை வந்துவிட்டது. கூரை பனியனைப் போல நீரை உறிஞ்சிக் கீழே ஒழுகவிட்டதில், பட்டுப்புடவையில் வந்த கலியாணக் கூட்டமொன்று நடு ஏரியில் நனைந்து எழுந்து நின்று கூச்சலிட்டதாம். மறுநாளே தரகர் வந்தார்.

"தொழில் தெரியாத ஊட்டுல சம்பந்தம் வேண்டாம்னுட்டாருங்க."

அப்பா தலை நிமிரவில்லை. அத்தை அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உட்டுத் தள்ளுங்கண்ணா. கித்தான் பழசு, நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்கு அழுகை பொங்கியது. அத்தை என்னைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் கண்களில் துளி ஈரமில்லை. இவ்வளவு பெரிய துக்கத்தை இப்படி அடக்கிக்கொள்ள முடிகிறதே என்று வியந்து, அவருக்கும் சேர்த்து நானே அழுது தீர்த்தேன்.