மாதக் கடைசிக்குள் பேச்சை மாற்றச் சொன்னார்கள்

சகோதர சகோதரிகளே, டெலிபோன் மணி அடித்தாலே நான் பயந்த காலம் ஒன்று உண்டு.

1974, ஜூலை மாதம். மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அப்பா இல்லை. வீட்டு வேலை செய்து என்னைப் படிக்கவைத்த அம்மா மூட்டுவலியில் படுத்துவிட்டார். என் வேலையை நம்பித்தான் வீடு.

ஒருநாள் போனில், "டாக்டர் ரூம்லதான் கீறாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 'இருக்கிறார்' என்பதை எங்கள் குடிசைப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வர்றவங்க பெரிய இடத்து ஆளுங்க. உன் பேச்சைக் கேட்டா மீன் மார்க்கெட்டுக்குப் போன் போட்டுட்டோமோன்னு நினைக்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள மாத்திக்கோ. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

சில இங்கிலீஷ் வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தினமும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்பார். எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில்கூடப் பேசப் பயந்தேன். "ஆண்டவரே, என் நாக்கை மாற்றிவிடும்" என்று அழுது ஜெபித்தேன். பதில் வரவில்லை. மாதம் முடிய நான்கே நாள் இருந்தது.

அன்று காலை பதினோரு மணிக்கு மணி அடித்தது. மேனேஜர் பின்னால் நின்றிருந்தார். மனப்பாடம் செய்த இங்கிலீஷைச் சொன்னேன்.

"ஐயோ, இங்கிலீசா? தமிழ் தெரிஞ்சவங்க யாருனா கீறாங்களாம்மா?" என்றது ஒரு ஆணின் குரல். அழுதுகொண்டிருந்தார்.

மறுபடியும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். என் பயம் அப்படி. அவர் போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. 'ஏசப்பா, நான் இன்னா பண்ணுவேன்' என்று உள்ளுக்குள் கதறினேன். என் பாஷையில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

வாய் தானாகத் திறந்தது. "அண்ணே, வெச்சிடாத. நான் கீறேன். இன்னா ஆச்சு?"

"கொயந்த கிருஷ்ணாயில் குட்ச்சிட்சும்மா. ரெண்டு வயசு. வாந்தி எடுக்கட்டும்னு அதோட அம்மா உப்புத் தண்ணி கரைச்சிக்கினு கீறா."

"ஒண்ணும் குடுக்க வாணாம்னு சொல்லு. லைன்லயே இரு."

அடுத்த ஒயரைச் செருகி, குழந்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, மண்ணெண்ணெய் நுரையீரலுக்குப் போயிடும். உடனே கொண்டுவரச் சொல்" என்றார். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "டாக்சி புட்ச்சி இட்டுகினு வந்துடுண்ணே. வாசல்லயே ஆள் நிக்கும்."

போனை வைத்த பிறகு திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. மேனேஜர் நடந்து போகிற சத்தம் கேட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு நாள் இருமலும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். நான் நாற்காலியிலேயே தலை குனிந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். "டாக்டரம்மா உன்னை அனுப்பக் கூடாதுன்னுட்டாங்க. முதல்ல இங்கிலீஷைச் சொல்லு. அப்புறம் எதிர்ல இருக்கறவங்க எப்படிப் பேசறாங்களோ அப்படியே பேசு." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அது போதும் எனக்கு.

சிரிக்கிறவர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். ஆனால் மணி அடித்தால் இப்போது நான் பயப்படுவதில்லை. அந்தப் பயத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார். உங்கள் பேச்சுக்காக யாராவது உங்களைக் கூனிக் குறுக வைத்திருந்தால், இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் முழங்கால் போடுங்கள். அழகாக ஜெபிக்க வேண்டாம். அம்மாவிடம் பேசுகிற மாதிரி அவரிடம் பேசுங்கள். அவர் கேட்கிறார்.