இறங்கி வந்த முனியாண்டி

பசறைக்குப் போகும் பஸ் கொதித்துப்போய் நின்றுவிடுகிறது. டிரைவர் தண்ணீர் தேடிப் போக, நானும் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கிறேன். ரோட்டுக்கு மேலே தேயிலைப் பச்சைக்கு நடுவில் செக்கச்செவேலென்று ஒரு சரிவு. போன மழையில் மண் சரிந்த இடம். அதன் அடிவாரத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்காகப் புதிதாகக் கட்டிய லயத்தின், அந்த வரிசை வீடுகளின், வாசலில், ஒரு பெண் கல்லொன்றுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்.

"இது என்ன சாமிங்கம்மா?"

"முனியாண்டிங்க."

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முனியாண்டியை மலை உச்சியில்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

"இவரும் உச்சியில இருந்தவருதாங்க. மண்ணு சரிஞ்சப்ப லயத்தோட எம்மகளும் போயிட்டா. இவருக்கு ஒரு கீறல்கூட இல்ல. அப்புறம் நாங்க பொம்பளைங்க ஏறிப் போயித் தூக்கியாந்துட்டோம். மேலயே இருந்தா எங்க பயம் அவருக்கு எப்படித் தெரியும்? மழை பேஞ்சா இனி எங்களோட சேர்ந்து முழிச்சிருக்கட்டும்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"எங்கங்க. எங்க வீட்டுக்காரரே இன்னும் மேலதான் போறாரு. கல்லு இருந்த குழிக்குச் சூடம் கொளுத்துறாரு. சாமி எடத்த விட்டு நகராதாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கணவர் சரிவோரமாக இறங்கி வருகிறார். கல்லைத் திரும்பிப் பார்க்காமல் மனைவியின் முன்னால் வந்து நின்று உள்ளங்கையை விரிக்கிறார். மேலேயிருந்து கொண்டுவந்த திருநீறு. அந்த அம்மா மஞ்சள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நெற்றியைக் காட்டுகிறார்.