எட்டரைக்கு ஒன்று

முதுநகர் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் என் ஒர்க்‌ஷாப் பலகையில் 'தைரியராஜ், என்ஜின் வேலை' என்று எழுதி, அதன் கீழே சிவப்பில் 'ஒரு முறை மூடினால் மறுமுறை திறக்க வேண்டாம்' என்றும் எழுதியிருந்தேன். வாசகம் என் சொந்தச் சரக்கு. அதை யோசித்த மூன்று நாளில் நான்கு வண்டி வேலையை முடித்திருக்கலாம்.

2009-இல் என் மனைவியின் தம்பி ஆரோக்கிய ஜெகன் குவைத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தான். பெண் சிதம்பரத்து மேரி ஷாலினி. பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் போர்வைக்கும் நடுவே ஒரு பழைய டர்போவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி அது. தன் பழைய பெட்ரோல் காரில் அதை மாட்டி, தானே ஓட்டிக்கொண்டு போய்த் தாலி கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. மூன்று மெக்கானிக்குகள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் மட்டும் ஒத்துக்கொண்டேன். அதற்கு முன் டர்போ மாட்டிய கார் எதையும் நான் தொட்டதில்லை என்பதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கத்தான் செய்தேன் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் இன்டர்நெட் சென்டரில் பிரதி எடுத்த தாள்களோடு வந்தான். என்ஜின் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. அவன் காரில் அது ஒன்பது. டர்போ ஏற்கெனவே காற்றைத் திணிப்பதால் அதை எட்டரைக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும் என்று தாள் சொன்னது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே நாற்பத்து மூன்று சிசி இடம் மிச்சம் இருக்க வேண்டும். அதற்காக என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட் தகட்டைச் செப்பில் தடிப்பாகச் செய்யச் சொன்னேன். எனக்கே என்மேல் மரியாதை கூடிப்போனது.

இங்கேதான் என் இருபது வருட அனுபவம் குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் எந்த என்ஜினைப் பிரித்தாலும் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி அடிப்பக்கத்தை அரை மில்லிமீட்டர் சீவிவிடுவோம். இடம் குறையும், அமுக்கம் கூடும், வண்டி சீறும், சொந்தக்காரர் கையைப் பிடித்துக் குலுக்குவார். லேத்துக்கார பக்கிரியிடம் ஜெகனின் ஹெட்டை இறக்கினேன். எப்பவும் போலத்தானே என்று கேட்டார். எப்பவும் போலத்தான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

என்ஜினை மூடியதும் என் மனைவி வியாகுலமேரியைக் கூப்பிட்டேன். அவள் நர்ஸ். ஊசிக்குழாயில் மண்ணெண்ணெய் எடுத்து, பிளக் ஓட்டை வழியாக விட்டு, எத்தனை சிசி கொள்கிறது என்று அளக்க அவளைவிட நல்ல கை கிடையாது. நாற்பத்தொன்று வந்தது. தரை சரிவாக இருக்கிறது என்றேன். மறுபடி அளந்தாள். மண்ணெண்ணெயில் குமிழி என்றேன். மூன்றாவது முறையும் நாற்பத்தொன்றுதான். அப்போதுதான் பக்கிரியிடம் நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. தடித்த கேஸ்கட்டால் கூட்டிய இடத்தை, சீவச் சொல்லி நானே குறைத்திருக்கிறேன். ரேஷியோ கிட்டத்தட்ட பழைய ஒன்பதிலேயே நிற்கிறது.

குழந்தைக்கு மருந்து அளப்பதும் இதுவும் ஒன்றா என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் ஊசிக்குழாயைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"ரெண்டு சிசில ஒரு கொழந்தைக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். இதுக்கு என்ன ஆவும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். திறந்தால் ஒரு நாள் வேலை. ஆனால் பலகையைப் படிக்காதவர் முதுநகரில் யாரும் இல்லை. சாயங்காலம் ஜெகன் போன் செய்து எட்டரை வந்ததா என்று கேட்டான். "கரெக்டா எட்டரை, மச்சான்" என்றேன்.

கல்யாண நாள் காலை. மே மாத வெயில் எட்டு மணிக்கே ஏறிவிட்டது. சொந்தக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். காரில் நாங்கள் மூன்று பேர்தான். கோட்டு போட்ட மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் வியாகுலமேரி. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜெகன் மிதித்தான். முன்னால் போன சிதம்பரம் பஸ்ஸைத் தாண்டினோம். நான் ஜன்னல் வழியாக டிரைவருக்குக் கைகூட காட்டினேன். அந்தக் கையை உள்ளே எடுப்பதற்குள் என்ஜினில் கூழாங்கல்லைக் கொட்டியது போலச் சத்தம். புதுச்சத்திரத்துக்கு முன்னால் நீலப் புகையைக் கக்கிவிட்டுக் கார் நின்றது.

ஐந்து நிமிடத்தில் அதே பஸ் வந்தது. டிரைவர் எனக்குத் திரும்பக் கை காட்டினார். ஏறினோம். மாப்பிள்ளைக்கு உட்கார இடமில்லை. கோட்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவனோ கத்துக்குட்டி மெக்கானிக் பார்த்த வேலை என்று கண்டக்டர் சொன்னார். ஜெகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரியாம பேசாதீங்க. பெட்ரோல்ல கலப்படம். எங்க மாமா எட்டரைன்னு சொன்னா அது எட்டரைதான்."

வியாகுலமேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை நாளும் அவள் சொல்லவில்லை, அப்போதும் சொல்லவில்லை. என் மானம் நான் எழுதிய பலகையில் தொங்கவில்லை, இவர்கள் இரண்டு பேர் கையில்தான் இருக்கிறது என்று அந்த நெரிசலில்தான் உறைத்தது. அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

"எட்டரை இல்ல மச்சான்" என்றேன். "ஒம்போது. ஒங்க அக்கா மூணு தடவ அளந்து சொன்னா. நான்தான் தெறக்கல. ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஜெகன் கம்பியை மாற்றிப் பிடித்து எனக்கு முதுகைக் காட்டி நின்றான். வெள்ளாற்றுப் பாலம் வந்தது, போனது. என்னோடு இனி பேசவே மாட்டான் என்று நினைத்தேன். சிதம்பரத்தில் இறங்கும்போது கசங்கிய கோட்டை அக்காவிடம் நீட்டி நீவிவிடச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நான் குவைத் போறதுக்குள்ள தெறந்துடுங்க மாமா. அக்கா அளக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு எழுதிக்குங்க."

அடுத்த வாரம் பலகையில் சிவப்பு வரிமேல் பெயின்ட் அடித்துவிட்டு, கட்டியிழுத்து வந்திருந்த காரின் என்ஜினைத் திறந்தேன். உடைந்த பிஸ்டனை மாற்றி, கேஸ்கட்டை இன்னும் தடிப்பாக்கி மூடினேன். புது மனைவியோடு ஜெகன் வந்து நின்றான். வியாகுலமேரி ஊசிக்குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நாற்பத்து மூன்று என்றாள். எழுதிக்கொண்டேன்.