புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கரிப்புகை உங்களுக்கு ஒத்துக்குமோ?" சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் கேஸ் வரவில்லை போலிருக்கிறது, பெண் கரியடுப்போடு மாரடிக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டாள். "ஆத்துல கேஸ் இருக்கோன்னோ?" என்று இவருடைய அக்காவை ஓரமாக அழைத்துப் போய் விசாரித்தாள். கேஸ் இருந்தது. உபரி சிலிண்டர்கூட இருந்தது. அந்தப் புகை எந்தப் புகை என்பது கல்யாணம் ஆகி ஊட்டிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊட்டியில் எல்லோரும் பார்ப்பது எதையும் நான் பார்க்கவில்லை. குன்னூரில் இறங்கி, மலை ரயில் எஞ்சின்களை நிறுத்தும் கொட்டகை வாசலிலேயே நின்றோம். புதுப் புடவையெல்லாம் கரித்தூள். "பல்சக்கரம் எப்படிக் கவ்வறது பாத்தியா?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டினேன். புதுசு, ஆட்டத்தானே வேண்டும்? மயிலாப்பூருக்குத் திரும்பிய பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இவர் மவுண்ட் ரோடில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் திருவல்லிக்கேணியில் தோல் பைக்கடை வைத்திருந்த பாய். இவரைவிட மூத்தவர், என்னைத் தங்கச்சி என்பார். இன்னொருவர் கே.கே. நகரில் இருந்த மருந்துக் கம்பெனி ரெப். தோளில் எப்போதும் காமிரா தொங்கும். அவருக்கும் எனக்கும் ஒரே வயது, ஆனால் வாய் கூசாமல் என்னை மாமி என்பார். அதற்காகவே அவருக்குக் காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போடுவேன்.

மூன்று பேருக்கும் நீராவி எஞ்சின் பைத்தியம். விழுப்புரம் பக்கம் மீட்டர் கேஜ் லைனில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நீராவி எஞ்சின்களைத் தேடி, டேப் ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவற்றின் சத்தத்தை எல்லாம் காஸெட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். மார்கழியில் ஊரே கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் ஹாலில் மட்டும் குப்குப்பென்று எஞ்சின் மேடேறிக்கொண்டிருக்கும். பாய் கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவார். "இங்க கேளுங்க சாமி, மூச்சு வாங்குது பாருங்க. சரக்கு ஜாஸ்தி" என்பார். கீழ்வீட்டு மாமி ஒருநாள் மாடியேறி வந்து, "மாவு மிஷின் வாங்கியிருக்கேளா என்ன?" என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று இவரை ஒருநாள் கேட்டேன்.

"டீசலுக்கு ஸ்விட்சைத் தட்டினாப் போறும். இது அப்படியில்லடி. விடியறதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து கொஞ்சிக் கெஞ்சி எழுப்பணும். ஆறின உடம்பு சூடாறதுக்கே நாழி ஆகும். ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது."

"ஏன்னா, உங்களைப் பத்தியா சொல்றேள்?" என்றேன். கோபித்துக்கொண்டு காஸெட்டைத் திருப்பிப் போட்டார்.

கொஞ்ச காலத்தில் விழுப்புரம் பக்கமும் நீராவி நின்றுபோனது. ஓட்டம் முடிந்த எஞ்சின்களை வரிசையாக இழுத்துப் போட்டு ஏலத்தில் விட்டார்கள். வாங்கினவர்கள் வெட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் எப்படியோ தப்பித் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு ஓரத் தண்டவாளத்தில் கேட்பாரற்று நின்றது. இவர்கள் அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்த மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து, ஞாயிறுதோறும் போய்த் துடைக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். அதற்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. இவர்களுக்கு அது 'நம்ம ஆளு'. "நம்ம ஆளுக்கு நேத்து மழையில என்ன ஆச்சோ" என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இவர் கவலைப்படுவார். எனக்கு ஜுரம் வந்தால் இவ்வளவு கவலை கிடையாது.

வீட்டில் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மின்சார ரயிலேறிக் கூடவே போனேன். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு மூன்று பேரும் பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். கிட்டே போய் நின்றபோது வாய் வரவில்லை. சக்கரமே என் தோள் உயரம் இருந்தது. இவர் என்னைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, டிரைவர் உட்காரும் பலகையைத் துடைத்து, "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை.

இவருடைய ஆசை எஞ்சினைத் துடைத்து வைப்பதோடு நிற்கவில்லை. அதை மறுபடியும் ஓட்ட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும், நாலு பெட்டியைக் கட்டிக்கொண்டு. இதற்காக மேலே மனு போட்டுக்கொண்டே இருந்தார்கள். ரயில்வேயில் ஒரு நல்ல மனிதர், அதிகாரி, இவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டார். பாய்லர் கெட்டுப்போகவில்லை, சாமான் ஒன்றும் குறையவில்லை, மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துச் சரி என்றால் ஓட்டலாம் என்றார். இவர் அன்று வரும்போது அல்வா வாங்கி வந்தார். எனக்கு வேலை நிரந்தரமானபோதுகூட வாங்கவில்லை.

மேலிடத்து ஆள் வரப்போகிறார் என்றதும் எஞ்சினுக்கு அலங்காரம் ஆரம்பமாயிற்று. அதில் விசில், குழாய், அளவுமானி என்று எத்தனையோ பாகங்கள் பித்தளை. கரியும் எண்ணெயும் ஏறி எது இரும்பு, எது பித்தளை என்றே தெரியாமல் கிடந்தன. இவருக்குக் கடையில் விற்கிற பாலிஷில் திருப்தியில்லை. என் புளி ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய், கார்த்திகைக்கு விளக்குத் தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலுமாகத் தேய்த்தார். ரசத்துக்குப் புளி தேடியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. "அந்த எஞ்சினுக்கு ஒரு படி புளி. எனக்கு ரசத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லையா?" என்று கத்தினேன்.

ஆனால் அது ஜொலித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். "டிரெய்ன்ல போறவன்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு போறான் மாமி" என்று ரெப் சொன்னபோது மூன்று பேருக்கும் பெருமை முகத்தில் கொள்ளவில்லை.

திரும்பிப் பார்த்தவர்களில் யாரோ இறங்கியும் வந்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது விசில் இல்லை. குழாய்கள் இல்லை. அளவுமானிகள் இல்லை. பளபளத்தது ஒன்றைக்கூட விடாமல் அறுத்தும் கழற்றியும் எடுத்துப் போயிருந்தார்கள். இரும்பை யாரும் தொடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த பாய்தான் எனக்குச் சொன்னார்.

"எத்தனை வருஷம் அது அழுக்கோட நின்னுது, ஒரு பயல் தொட்டானா?" என்றார் இவர். "நான்தான் காமிச்சுக் குடுத்தேன். இது பித்தளை, வந்து எடுத்துக்கோன்னு நான்தான் காமிச்சுக் குடுத்தேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சாமி. அழகு பண்ணிப் பாத்தோம். அது தப்பா?" என்றார் பாய்.

புளிக்காகக் கத்தியது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. காபி போட்டுக் கொடுத்தேன். இவர் குடிக்கவில்லை.

போன பாகங்களை இப்போது யாரும் செய்வதில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். இனி ஓட்டுகிற பேச்சு கிடையாது. அடுத்த ஏலத்தில் அது வெட்டுக்குப் போகும். ஒரே ஒரு வழி இருந்தது. அடையாறில் ஒரு பூங்காவுக்குப் பிள்ளைகள் பார்க்க ஓர் எஞ்சின் வேண்டுமாம். மேடை கட்டி, துண்டுத் தண்டவாளம் போட்டு அங்கே நிறுத்திவிடலாம். ஆனால் உருளாமல் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு வெல்டிங் வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளாமல், தீ எரிகிற அடுப்பை சிமென்ட் போட்டு அடைக்க வேண்டும். இவ்வளவு நாள் மனு போட்டவர்கள் நீங்கள், நீங்கள் சரி என்றால் செய்கிறேன், இல்லையென்றால் ஏலம்தான் என்றார் அந்த மனிதர்.

"சமாதி கட்டலாமான்னு என்னைக் கேக்கறார்" என்று இவர் வீட்டில் வந்து பொருமினார். "அடுப்புல சிமென்ட்! அதுக்கு வெட்டியே போட்டுடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடுங்கோ, வெட்டிப் போடுங்கோ. துண்டு துண்டா லாரியில போறதை நின்னு பாருங்கோ. ஓடலேன்னா இருக்கவே கூடாதா? என்ன நியாயம் இது?"

"உனக்குப் புரியாதுடி."

"எனக்குப் புரியறதோ இல்லையோ, அது முழுசா இருக்கட்டும்னு எனக்கும் ஆசையிருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான், எனக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது எனக்கே தெரிந்தது. இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஆபீசிலிருந்து அதிகாரிக்கு போன் பண்ணிச் சரி சொன்னார்.

பெரிய டிரெய்லர் லாரியில் எஞ்சினை அடையாறுக்குக் கொண்டு வந்து, கிரேன் வைத்து மேடையில் இறக்கினார்கள். அன்று லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். தூக்குவாளியில் எல்லோருக்கும் தயிர்சாதம். சிமென்ட் வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது வெல்டிங் மட்டும். வெல்டர் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது இவர், "ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கினார்.

"இன்னா சார் இன்னும்? நிறுத்தச் சொன்ன எடத்துல நிறுத்தியாச்சே" என்றார் கான்டிராக்டரின் ஆள்.

சக்கரங்களைச் சேர்த்துக் கட்டுகிற நீளமான இரும்புத் தண்டு ஒன்று இருக்கிறது, ராடு என்பார்கள். அது அப்போது நேர் கீழே இறங்கி நின்றது. அப்படி நிற்கக் கூடாது என்றார் இவர். அப்படித்தான் நிற்க வேண்டும் என்றார் ரெப். எஞ்சினைப் படம் எடுக்கிற எவனும் ராடு கீழே இருக்கும்போதுதான் எடுப்பான், அதுதான் முறை, அதுதான் லட்சணம் என்று காமிராவைத் தட்டித் தட்டிச் சொன்னார். இவரோ, ஒரு பக்கம் ராடு நேர் கீழே நின்றால் மறுபக்கத்து பிஸ்டன் கோடியில் முட்டிக்கொண்டு நிற்கும், நீராவி வந்தாலும் அந்தப் பக்கம் தள்ளாது, இரண்டு பக்கமும் தள்ளுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் முன்னால் போக வேண்டும் என்றார். பாய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. தயிர்சாதம் புளித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "ஏன்னா, உள்ள சிமென்ட் போட்டு அடைச்சாச்சு. விசில் இல்லை, குழாய் இல்லை. எந்த நீராவி எங்கேர்ந்து வரப்போறது? எப்படி நின்னா என்ன?"

"தெரியும்" என்றார். "வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா, நிக்கற நிலையாவது கெளம்பற நிலையா இருக்கட்டும்டி. அவ்வளவுதான்."

இவருக்கு அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கான்டிராக்டரின் ஆள், "சாப்புட்ற நேரம் ஆய்க்கினு கீதும்மா. ரெண்டடி முன்னாடி பின்னாடி இருந்தா இன்னா கெட்டுப்பூடும்?" என்றார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல் எனக்கு. அந்தக் குரலை எடுத்தேன். "கெட்டுப்போகும்! இவர் எங்க நிறுத்தச் சொல்றாரோ அங்க நிறுத்திட்டு அப்பறம் போய்ச் சாப்பிடுங்கோ. இவ்வளவு நாள் இதைத் துடைச்சது நீங்களா, இவரா?" பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ரெப் வாயை மூடிக்கொண்டார்.

நாலு ஆட்கள் சக்கரத்துக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். பாய் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போய்க் கை கொடுத்தார். ரெப்பும் காமிராவை என்னிடம் தந்துவிட்டுப் போனார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கோ உள்ளே ஒரு முனகல் கேட்டது. ராடு மெல்ல மேலே எழும்பியது. அத்தனை பெரிய உடம்பு நகர்ந்தது. நான் அது நகர்ந்து பார்த்தது அன்று ஒரு தடவைதான். எனக்குக் கைகொட்ட வேண்டும் போலிருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. "போறும்! நிறுத்துங்கோ!" என்று இவர் கத்தினார்.

கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். வெல்டர் குந்தி உட்கார்ந்து, "ஆரம்பிக்கட்டுமா சார்?" என்று கேட்டார். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் அந்தச் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "ம், ஆரம்பிங்கோ" என்றார்.

வெல்டர் கறுப்புக் கண்ணாடியை முகத்தின் முன் பிடித்துக்கொண்டு, "யாரும் இந்தப் பக்கம் பாக்காதீங்க, கண்ணு பூடும்" என்றார். நாங்கள் திரும்பிக்கொண்டோம். இவர் திரும்பவில்லை. பாய் கூப்பிட்டுப் பார்த்தார். நான் கூப்பிட்டேன். அசையவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கமாகப் போய் இவர் முதுகோடு ஒட்டி நின்று, இரண்டு கையாலும் இவர் கண்களைப் பொத்தினேன். கையெல்லாம் நனைந்தது. முடிந்துவிட்டது என்று பாய் வந்து சொல்லும்வரை நான் கையை எடுக்கவில்லை.